காரணம்: சாகசம்

பள்ளி வாயிலில் தாமதப் பதிவேட்டைப் புரட்டிய ரெமிஜியஸ் ஆசிரியரின் மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது.

க்ளென், பத்தாம் வகுப்பு, எட்டு நாற்பது. காரணம்: சாகசம்.

வீணா, பத்தாம் வகுப்பு, எட்டு நாற்பது. காரணம்: சாகசம்.

முந்தைய நாளும் அதுவே. அதற்கு முந்தைய நாளும் அதுவே.

“முனிராஜ், இவர்கள் எழுதுவதை நீங்கள் படித்துப் பார்ப்பதே இல்லையா?”

“பாத்தேன் சார். நீங்கதான் ஏதோ பாடத்துல எழுதச் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றார் வாயிற்காவலர்.

அந்தப் பதில் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. பத்தாம் வகுப்பு இலக்கியப் பாடத்தில் அந்த மாதம் அவர் நடத்திக்கொண்டிருந்தது ‘சாகசம்’ என்னும் பகுதியைத்தான்!

வகுப்பில் இருவரும் எழுந்து நின்றார்கள்.

“இரண்டு வாரமாகத் தாமதம். லிங்கராஜபுரத்தில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில்தானே இருவரும் இருக்கிறீர்கள்? நான் நேரத்துக்கு வந்துவிடுகிறேன். வழியில் அப்படி என்ன சாகசம்? சிங்கத்தின் வாயில் கையை விட்டீர்களா?”

“சிங்கம் இல்ல சார். வாட்டர் டேங்கர்” என்றான் க்ளென்.

வகுப்பு சிரித்தது. வீணா அவன் காலை மிதித்தாள்.

“வாயை மூடு. சாகசம் என்றால் என்ன? நீ சொல்லம்மா, வீணா.”

“தனி ஒருவர் துணையின்றி ஆபத்தை எதிர்கொண்டு வெல்வது சார்.”

“நேற்றுப் படித்த கதையில் அந்த மாலுமி தன்னந்தனியாகக் கடலைக் கடந்தான். அவ்வளவு தூரம் போவானேன்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டுச் சிக்னல் பழுதாகி இரண்டு வாரம் ஆகிறது. ஐம்பத்தேழு வயதில் தினமும் கடந்து வருகிறேன். வலக்கையை ஒருமுறை உயர்த்துவேன். லாரியோ பஸ்ஸோ, அப்படியே நிற்கும்! இடம் வலம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. துணிந்தவனுக்குச் சாலை வழிவிடும்.”

க்ளென் கையைத் தூக்கினான். “அந்த மாலுமிக்குப் படகு செஞ்சு குடுத்தது யாரு சார்?”

“அது தேர்வில் வராது.”

ஆசிரியர் விரலை உயர்த்தினார். “நாளையும் தாமதமானால், சனிக்கிழமை சாவனதுர்கா மலையேற்றத்தில் உங்கள் இருவருக்கும் இடமில்லை. இதில் மாற்றமில்லை.”

க்ளெனின் முகம் சுருங்கியது. அந்த மலையேற்றத்துக்காக அவன் ஜூன் மாதத்திலேயே ஷூ வாங்கிவைத்திருந்தான்.

வீணா தயங்கினாள். “நாங்க சீக்கிரம் வந்துடுவோம் சார். ஆனா, நீங்க...”

“எனக்கென்ன? உன் வேலையைப் பார்.”

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு ரெமிஜியஸ் சாலையோரத்தில் நின்றார். வழக்கம்போல் வலக்கையை உயர்த்தி ஓரடி எடுத்துவைத்தார்.

எடுத்துவைத்த அடியை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டார். வாட்டர் டேங்கர் ஒன்று அவருடைய கண்ணாடியைத் துடைத்துவிடுவதுபோல் உரசிப் போயிற்று.

மீண்டும் கையை உயர்த்தினார்.

“குட் மார்னிங் சார்!” என்று ஸ்கூட்டரில் வந்த பழைய மாணவன் ஒருவன் தானும் கையை உயர்த்திவிட்டுப் பறந்தான்.

மூன்றாம் முறை உயர்த்தினார். ஓர் ஆட்டோ நின்றது.

“எங்க சார், பிரேசர் டவுனா? மீட்டர் மேல அம்பது குடுங்க.”

எட்டரைக்கு எதிர்ப்புறத்தில் பள்ளி மணி ஒலித்து ஓய்ந்தது. எட்டு நாற்பதும் ஆயிற்று. அவர் கை மட்டும் இன்னும் உயர்ந்தே இருந்தது.

நடைபாதையில் பூக்கட்டிக்கொண்டிருந்த லட்சுமம்மா நிமிர்ந்து பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். “என்ன மேஷ்ட்ரே, இன்னிக்கு உங்க பசங்க வரலியா?”

“எந்தப் பிள்ளைகள்?”

“அதான், அந்தச் செவப்புக் கொடி பசங்க! நீங்க கையைத் தூக்குறதுக்கு முன்னாடியே அந்த பஸ் ஸ்டாப்புகிட்ட போய் நின்னுக்கும்ங்க. பையன் கொடியைப் புடிப்பான். பொண்ணு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கும். டிரைவருங்க திட்டுற திட்டையெல்லாம் சும்னே, வாயத் தொறக்காம வாங்கிக்கும்ங்க. நீங்க அந்தப் பக்கம் ஏறினப்புறம்தான் வண்டிய உடும்ங்க.”

விளையாட்டு அறையிலிருந்து சிவப்பு அணியின் கொடி காணாமற்போனது பற்றி ரெமிஜியஸே இருமுறை விசாரணை நடத்தியிருந்தார்.

உயர்ந்திருந்த கை மெல்லத் தாழ்ந்தது.

“அப்புறமாச்சும் நேரா ஸ்கூலுக்குப் போலாமில்ல? போவாதுங்க. ‘சார் பாத்துட்டா சங்கடப்படுவாரு ஆன்ட்டி’ன்னு சர்ச் சந்துல சுத்திக்கிட்டு ஓடும்ங்க.”

ரெமிஜியஸ் சாலையை இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார்.

“லட்சுமம்மா, என்னை... அந்தப் பக்கம் விட முடியுமா?”

“அதுக்கென்ன, வாங்க. ஸ்வல்ப கெட்டியா புடிச்சுக்குங்க.”

ஒரு கையில் பூக்கூடையும் மறு கையில் ஆசிரியருமாக லட்சுமம்மா சாலையைக் கடந்தார்.

வாயிலில் முனிராஜ் தலையைச் சொறிந்தபடி பதிவேட்டை நீட்டினார். “டீச்சருங்களும் எழுதணும்னு நீங்கதான் சார் ரூல் போட்டீங்க...”

“விதி எல்லோருக்கும் விதிதான். பேனாவைக் கொடுங்கள்.”

ரெமிஜியஸ், ஆசிரியர், எட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினார். ‘காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

நிமிர்ந்து பார்த்தார். மாடி ஜன்னலில் தெரிந்த இரண்டு தலைகள் சட்டென்று உள்ளே மறைந்தன.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தார்:

“சாகசக்காரர்கள் இன்று நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.”