குருவி இன்னும் ரெடி ஆகவில்லை

டெய்லர் எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மூன்று சார்ஜர்களைச் சொருகினான்.

கட்டிலில் குருவி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மத்தியானப் புழுக்கத்திலும் கழுத்துவரை போர்வை.

"வேற ஆளப் பாத்துக்கோங்கடா," என்றான் சுவரிடம்.

"பாத்தோம் மச்சான். ஒருத்தனுக்கும் உன்ன மாதிரி திட்டத் தெரியல," என்றான் வேன் டிரைவர்.

பொய் இல்லை. நான்கு பேர் ஒரே அணியாகப் போனில் ஆடும் துப்பாக்கி ஆட்டம் அது. மூன்று பேராகப் போனால், முன்பின் தெரியாத ஒருவனை நான்காவதாகக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கடைசியாக வந்தவன் எங்களை 'சார்' என்று கூப்பிட்டான். சகிக்கவில்லை.

குருவி என்பது ஆட்டத்தில் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர். ஒரு இடத்தில் நிற்க மாட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கட்டிலை விட்டு அசையவில்லை. எங்கள் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டான்.

வாசலிலேயே அவன் அக்கா சொல்லித்தான் அனுப்பினாள்: "உங்கள உள்ள விட்டதுக்கு என்னயத் திட்டுவான். திட்டட்டும்டா. வாயத் தெறந்தாப் போதும்."

ஆக, எங்கள் வேலை திட்டு வாங்குவது.

ஒரே அறையில் நான்கு போன் என்பது பெரிய தொல்லை. ஒருவன் மைக்கில் பேசினால் அடுத்தவன் போனில் கேட்டு, அது திரும்ப மைக்கில் ஏறி ஊளையிடும். எல்லா மைக்கையும் அணைத்தேன்.

டிரைவர் போனில் புது அப்டேட் இறங்க இடமில்லை. தேடியதில் பெரிதாக இருந்தது அவன் கல்யாண வீடியோ. யோசிக்காமல் அழித்தான். "அவகிட்ட இன்னொண்ணு இருக்கு. இல்லன்னா இருக்கட்டும், நடந்தது நடந்ததுதானே."

டெய்லருடையது பழைய போன். ஆட்டத்தைத் திறந்தால் அவன் இஸ்திரிப் பெட்டியைவிடச் சூடாகும். டேபிள் ஃபேனைத் திருப்பி அதற்கு வைத்தோம். எங்களுக்குக் காற்று இல்லை.

நான் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தேன். படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எந்தப் பரீட்சைக்கும் உட்கார்ந்து படித்ததில்லை. ஆனால் இன்றைக்காகக் கொஞ்ச நாளாகப் பயிற்சி எடுத்திருந்தேன். மூன்று பேருமே எடுத்திருந்தோம். என்ன பயிற்சி என்று குருவியிடம் மூச்சுவிடக் கூடாது என்பது பேச்சு.

அவன் தலையணைக்கு அடியிலிருந்து அவன் போனை உருவினேன். கை சுட்டது.

ஆட்டத்தைத் திறந்தேன். அவன் போன் மட்டும் அப்டேட் கேட்கவில்லை.

செட்டிங்ஸில் அவனுக்காக ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் பலமுறை செய்து பார்த்துவிட்டு வந்திருந்தேன். உள்ளே போனேன். பார்த்தேன். எதையும் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

"என்னடா?" என்றான் டெய்லர்.

"ஒண்ணுமில்ல."

குருவியின் முகத்துக்கும் சுவருக்கும் நடுவே போனைச் சாய்த்து வைத்தேன். திரையில் நான்கு வீரர்கள் வரிசையாக நின்றார்கள். மூன்று பேர் தலைக்கு மேல் 'ரெடி' என்று பச்சை டிக். நான்காவது தலைக்கு மேல் ஒன்றுமில்லை.

காத்திருந்தோம்.

"இந்த ரூம்ல நெட்டு இழுக்குதுடா," என்று டெய்லர் முனகினான். "இங்க உக்காந்து மனுசன் ஆட முடியாது."

"ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்," என்றது சுவர்.

நான்காவது டிக் விழுந்தது.

கேவலமாக ஆடினோம். டிரைவர் வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல் சுவரில் முட்டிக்கொண்டே நின்று செத்தான். டெய்லர் வெடிகுண்டைத் தன் காலடியிலேயே போட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு நானும் போய்ச் சேர்ந்தேன்.

மிச்சம் இருந்தது குருவி மட்டும். கூரை, மதில், மறுபடி கூரை. எதிரில் நின்ற கடைசி ஆளையும் முடித்துவிட்டுத்தான் நின்றான்.

நாங்கள் கத்தி ஓய்ந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். போர்வை இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"ஏன்டா எருமைங்களா, நான் இல்லாம ஆடவே மறந்துட்டீங்களா? பச்சக் கொழந்தகூட..."

பாதியில் நிறுத்தினான்.

தரையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேரின் வலது கையும் அவரவர் தொடைக்கு அடியில் இருந்தது.

குருவி எங்களைப் பார்த்தான். பிறகு தன் வலது முழங்கையைப் பார்த்தான். மரப்பட்டறை ரம்பம் அதற்குக் கீழே எதையும் விட்டுவைக்கவில்லை.

டேபிள் ஃபேன் டெய்லரின் போனுக்கு வீசிக்கொண்டிருந்தது.

"கைய வெளிய எடுங்கடா, நாய்ங்களா," என்றான். "பாக்கவே அசிங்கமா இருக்கு."

"எடுத்தா நீ தோத்துருவ."

"எடுறா, பாப்போம்."

எடுத்தோம். மரத்துப் போயிருந்தது. உதறிவிட்டு அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு எதிராக நின்றோம், இரண்டு கையோடும். முதலில் செத்தது நான்.

அவனுக்காக நான் செய்ய வந்த மாற்றம் இதுதான்: திரையில் இருக்கும் பட்டன்கள் எல்லாவற்றையும் இடது பக்கத்துக்கு நகர்த்துவது.

அவை ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைவிடக் கச்சிதமாக.

எங்கள் வேன் தெருவில் வந்து நின்ற சத்தம் கேட்டுத்தான் போனைத் தலையணைக்கு அடியில் செருகியிருக்கிறான், திருட்டுப் பயல்.