பாதிப் படியில்

"உங்கள் கேமில் புதுமை எது?" என்று விருதுக் குழு கேட்டிருந்தது. வடிவமைப்பாளர் பெருமையோடு பதில் அடித்தார்: 'மூட்டை சுமப்பவர் பாதிப் படியில் உட்கார்ந்து, இளைப்பாறி, எழுவது.'

கேமைச் சோதிக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "அவர் உட்கார்றது ஒரு பழைய கேம்லயே இருக்கே சார்."

வடிவமைப்பாளர் திரையிலிருந்து திரும்பினார். அவர் அந்தக் காட்சியை எடுத்ததும் அதிலிருந்துதான். "அந்த ஓடாத கேமா? அதுல உட்கார்ந்த ஆளு எழுந்திரிக்கவே மாட்டான்மா. புரோகிராம்ல தப்பு. அதைச் சரிபண்ணி எழ வச்சவன் நான்."

"தப்பில்ல சார். எங்கப்பா அப்படித்தான் மூட்டையோட உட்கார்ந்தார். எழுந்திரிக்கல. அதை அப்படியே கேமாக்கினவ நான்தான்."

வடிவமைப்பாளரின் விரல்கள் கீபோர்டில் நின்றன. "உன் பேரையும் போட்டுடவாம்மா?"

"வேணாம் சார். புதுசுன்னே எழுதுங்க. உட்கார்ந்த எங்கப்பா எழுந்து மிச்சப் படிய ஏறினதை உங்க கேம்லதான் பாத்தேன்."