திருப்பாத திரை

மூத்த வழக்கறிஞருக்கான அங்கி காலையில்தான் வந்தது. பத்து ஆண்டுகள் ஒரு வழக்கிலும் தோற்காதவர்களுக்கு மட்டுமே இப்போது அந்தப் பட்டம். கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் குமாஸ்தாவின் குரல் கேட்டது.

"மேடம் சீனியர் ஆயிட்டாங்கம்மா. இனி கட்சிக்காரங்கள நேரா பாக்கக் கூடாது. அதான் சட்டம்."

"பாக்க வேணாம்யா. இந்தக் கொய்யாவ மட்டும் குடுத்துருங்க. வக்கீலம்மா பேச்சக் கேட்டு குத்தத்த ஒத்துக்கிட்டதாலதான் மூணு வருசத்தோட தப்பிச்சேன்னு எங்க வீட்டுக்காரரு ஜெயில்லருந்து கும்பிட்டாரு."

லூர்துமேரி. அவள் கணவர் ஞானராசு, தன்மேல் சுமத்தப்பட்ட திருட்டைச் செய்யவில்லை. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது வழக்கறிஞரின் தோல்வியாகப் பதிவாகாது.

வழக்கை எடுத்த அன்று, தீர்ப்பைக் கணிக்கும் இயந்திரம் விடுதலைக்கு நாற்பத்தெட்டு சதவீதம் வாய்ப்பு என்று காட்டியது. திரையைக் கட்சிக்காரர் பக்கம் திருப்பி வைப்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். அன்று நான் திருப்பவில்லை. "வாய்ப்பே இல்லை, ஞானராசு" என்றேன்.

குமாஸ்தா கொய்யாப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாசலில் அவள் இன்னும் நின்றிருந்தாள்.

கட்சிக்காரர்களைப் பார்க்கக் கூடாது என்பது எவ்வளவு நல்ல சட்டம் என்று நினைத்தபடி, கதவைத் தாழிட்டேன்.