கூகுளில் முதலாவது ஆள்

அப்துல் ஸமட் ஹாஜியாருக்கு ஒரேயொரு மனக்குறைதான். கூகுளில் அவருடைய பெயரை அடித்தால், அநுராதபுரத்தில் கோழித்தீன் விற்கும் இன்னொரு அப்துல் ஸமட்தான் முதலில் வந்து நின்றார்.

கல்முனையில் ஆபீஸ் போட்டுக் கட்டாருக்கு வேலையாட்களை அனுப்புகிற ஒருவருக்கு இது மானக்கேடு. சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. செக்பொயின்ற் தொல்லை குறைந்து, தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பஸ் நேராகக் கல்முனைக்கு வரத் தொடங்கிவிட்டது. சனம் தேடும். தேடுகிற சனத்தின் கையில் கோழித்தீன்காரரா கிடைப்பது?

சாய்ந்தமருதில் நெட் கபே நடத்தும் றம்ஸியா கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டுப் போனார். பிறந்த ஊரில் கடலோரத்து வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு, இங்கே வந்து பிரதான வீதியில் நாலு கம்ப்யூட்டர் போட்டுப் பிழைப்பைத் தொடங்கியவள். ஹாஜியார் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"உங்கட பேஸ்புக் ஒரு பக்கம், வீடியோ ஒரு பக்கம், ஆபீஸ் நம்பர் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கு ஹாஜியார். எல்லா லிங்கையும் ஒரே பக்கத்துல போடுவம். அந்தப் பக்கத்த மேல ஏத்துறது என்ட வேல" என்றாள்.

வேலை அன்றைக்கே ஆரம்பமானது. தலைப்பில் பெயரும் ஊரும் தொழிலும் வர வேண்டும் என்றாள். ஆங்கிலத்தில் ஸமட் என்பதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் எழுதினாள். தலைப்பாகையோடு அவரை நேராக ஒரு படம் எடுத்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பச் சொன்னாள்.

"இது என்னத்துக்கு புள்ள?"

"எந்தப் பக்கத்தால பாத்தாலும் ஆள் விளங்கணும், ஹாஜியார்."

தங்கியிருக்கும் வீட்டின் விலாசம் கேட்டாள். ஆபீசில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கட்டாயம் இருப்பார் என்று கேட்டாள். திங்கள் பத்து மணி என்றார். அதையும் தட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆபீசுக்குப் பின்வாசல் இரிக்கா?" என்றாள்.

"கூகுள் இதெல்லாமா கேக்குது?"

"வழி காட்டுற மெப் கேக்கும்."

அன்றைக்கு வீடு திரும்பும்போது ஹாஜியாருக்கு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. ஆபீசின் இரும்பு அலுமாரியில், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் சேர்த்த நாற்பத்துமூன்று பொடியன்மாரின் பாஸ்போர்ட் இருந்தது. இவளோ ஆள் எப்போது இருப்பான், எந்த வழியால் போவான் என்று துருவுகிறாள். நிச்சயம் இவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது. காலம் கெட்டுப்போச்சு, முக்காடு போட்ட பெண்களையும் நம்ப முடியவில்லை என்று புலம்பிக்கொண்டு, அலுமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கினார்.

ஆனால் பக்கம் மேலே ஏறியது. முதல் வாரம் எங்கேயோ கிடந்தது. இரண்டாம் வாரம் கோழித்தீனுக்குப் பின்னால் வந்து நின்றது. மூன்றாம் வாரம் கோழித்தீனையே தள்ளிவிட்டு உச்சியில் உட்கார்ந்தது. ஹாஜியார் அவளை மனதார மன்னித்துவிட்டார்.

சந்தோஷம் தாங்காமல், ஆபீசுக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கும் அச்சிமுகம்மதுவிடம் போய், "கூகுள்ல என்னத் தேடிப் பாருங்க, நானா!" என்றார்.

"மேல்மாடிலதானே இரிக்கீங்க, என்னத்துக்குத் தேட?" என்று அச்சிமுகம்மது ஊசியில் நூலைக் கோர்த்தார்.

திங்கட்கிழமை பத்து மணி. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஹாஜியார் எட்டிப் பார்த்தார். படி முழுக்க ஆட்கள். வரிசை தையல் கடையைத் தாண்டி வீதிக்குப் போயிருந்தது. மூதூரிலிருந்து ஒரு வேன், புத்தளத்திலிருந்து ஒரு வேன். பின்வாசலிலும் நாலைந்து பேர் காத்து நின்றார்கள். அங்கேயும் வரிசையா என்று ஹாஜியார் பூரித்துப்போனார். தாடியைச் சீவினார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார். இன்டர்நெட் என்றால் இன்டர்நெட்தான்!

முதலில் உள்ளே வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். வெயிலிலும் உப்பிலும் வெந்த மீன்பிடிகாரர். இந்த வயதில் கட்டாருக்கா என்று ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்தது. எங்கேயோ பார்த்த முகம் மாதிரியும் இருந்தது. ஆனால் வயதானவர்கள் எல்லோரும் அவருக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

"இரிங்க வாப்பா. இவ்வளவு தூரத்திலிருந்து என்ன எப்பிடிக் கண்டு புடிச்சீங்க?"

"நெட்லதான் தம்பி. அடிச்ச உடன முதலாவதா நீங்கதான் வந்தீங்க. படத்தப் பாத்தம், ஆள் சரி. பக்கவாட்டுப் படத்தையும் பாத்தம், ஆள் சரியோ சரி."

ஹாஜியாருக்கு உச்சி குளிர்ந்தது. போட்ட உழைப்பில் எது பலித்தது என்று அறிய ஆசையாக நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"எப்பிடி அடிச்சீங்க? ஸமட் எண்டா, ஸமத் எண்டா?"

கிழவர் பின்னால் திரும்பி, எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்களா என்று பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"ரெண்டும் இல்ல தம்பி, பக்கத்துக்கு அடியில என்ட மகள் றம்ஸியா கண்ணுக்குத் தெரியாம வெள்ளையில வெள்ளையா உங்கட பழைய பேரெல்லாம் எழுதி வெச்சிரிக்கா, நாங்க 'சுனாமிப் படகு தாறெண்டு மூதூரை ஏமாத்தின ஜெமீல்' எண்டு அடிச்சம், புத்தளத்து ஆக்கள் 'மக்காவுக்கு உம்றா கூட்டிப் போறெண்டு காசோட ஓடின மன்சூர்' எண்டு அடிச்சாங்க, ரெண்டுக்கும் நீங்கதான் முதலாவது!"