அழ வைக்கிற ஆள்

"எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே, மூச்சிரைக்க உள்ளே வந்தார் ஜம்பு.

"இன்னும் எடுக்கலை, மாமா. பதினைஞ்சு நாளா இழுத்துண்டே இருக்கு" என்றான் சுந்தரராமன்.

"அடப் பாவமே! பதினைஞ்சு நாளாவா?"

"நீங்க வந்துட்டேளே, இன்னிக்கு முடிஞ்சுடும்!"

ஜம்பு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுந்தரராமன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கவலை அவனுக்கு.

பம்பாயில், செம்பூரிலிருந்த அந்த ஸ்டூடியோவில் ஒரு ஹிந்திப் படத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பறிகொடுத்த அப்பா பாடும் பாட்டு ஒன்றுதான் பாக்கி. பாட்டை எழுதியவன் சுந்தரராமன். பாடகரைப் பிடித்து வரும் பொறுப்பும் அவன் தலையில்தான் விழுந்தது. மாதுங்காவிலிருந்து மூன்று பாகவதர்களை அழைத்து வந்து பார்த்தான். மூன்று பேரும் பெண் செத்ததைச் சம்பந்தி உபசாரம் மாதிரி பாடிவிட்டுப் போனார்கள். மியூசிக் டைரக்டர் ஹல்தார் பாபுவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கோபப்படத் தெரியும். "இன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லையென்றால், நாளையிலிருந்து நீ வராதே" என்று சொல்லிவிட்டார். சினிமாவை நம்பி ஆபீஸ் வேலையை வேறு விட்டுத் தொலைத்திருந்தான், அசட்டுப் பிள்ளை.

கடைசி நிமிஷத்தில் காட்கோபரிலிருந்து நண்பன் பஞ்சு அனுப்பிய ஆள்தான் இந்த ஜம்பு. அவரும் குர்லாவில் வண்டி மாறத் தெரியாமல் அலைந்துவிட்டு, உள்ளே பிடில்காரர்கள் சுருதி சேர்த்து முடித்த பிறகு வந்து நிற்கிறார். ஒத்திகைக்கு ஏது நேரம்? தாழ்வாரத்தில் நடந்தபடியே விசாரித்தான்.

"மாமா, உங்களுக்குச் சோகம் வருமோன்னோ?"

"என்ன அப்படிக் கேட்டுட்டேள்! கல்யாணம், காதுகுத்துன்னா நான் போறதே இல்லை. துக்கம்னாதான் ஜம்பு. எங்கப்பாவும் அப்படித்தான். கல்லிடைக்குறிச்சியிலே அவர் வராம ஒரு சாவு நடக்காது."

"கேக்கறவா அழணும், மாமா."

"அழறதாவது! போன வாரம் டோம்பிவிலியிலே அத்தனை பேரும் கண்ணாலேயும் மூக்காலேயும் ஜலம் விட்டா. விட்டுண்டே, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு கேக்கறா!"

சுந்தரராமனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது.

"கருணைதான் முக்கியம். அதுலேதான் மத்தவா எல்லாம் கோட்டை விட்டா."

"கருணை பொல்லாதது, ஸ்வாமி. பக்குவம் தப்பினா தொண்டையைப் பிடிச்சுண்டுடும். என்கிட்டே அந்தப் பேச்சே கிடையாது."

"கூட யாராவது வேணுமா?"

"வேண்டவே வேண்டாம். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் காரியத்தைக் கெடுத்துடுவா."

'என்ன வித்துவம், என்ன தன்னம்பிக்கை! பஞ்சு, நீ நன்னா இருக்கணும்டா!' என்று மனசுக்குள் வாழ்த்தியபடி, அவரை மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹல்தார் பாபு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஊம், ஆரம்பியுங்கோ, மாமா!"

ஜம்பு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அடுப்பு எங்கே?"

"அடுப்பா?"

"பின்னே? 'சோக கானாவுக்கு ஆள் வேணும்'னு நீங்க எழுதின கார்டைப் பஞ்சு படிச்சுக் காட்டினானே! பம்பாயிலே கானான்னா சாப்பாடுதானே? சாவுச் சாப்பாட்டுக்கு என்னை விட்டா ஆள் ஏது?"

ஹிந்தியில் பாட்டுக்கும் கானா, சாப்பாட்டுக்கும் கானா; உச்சரிப்புதான் வேறு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் அதே ஒரு 'கா'!

சுந்தரராமன் தலையில் அடித்துக்கொண்டு மைக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஐயோ... போச்சே! இருந்த வேலையும் போச்சே, வந்த வேலையும் போச்சே! நான் என்ன பண்ணுவேன், எங்கே போவேன்..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹல்தார் பாபு துள்ளி எழுந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"யஹீ! யஹீ! இந்தக் குரலைத்தானே இத்தனை நாளாகத் தேடினேன்! நிறுத்தாதே, பாடு!"