பிச்சாவரம் எங்கே?

2010 பிப்ரவரி, மதியம் இரண்டு மணி. நடுவர் ஞானசேகரன் பந்தியிலேயே கத்திவிட்டுத்தான் வந்திருந்தார். இலையில் ஊறுகாய்கூட இல்லையாம். பரிமாறியவர் எதிர்த்துப் பேசாமல் சோற்றுக்கு வலப்பக்கம் இன்னொரு துண்டு வைத்துவிட்டுப் போனார்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூளை பற்றிய ஓவியக் கண்காட்சி. அவர் தேர்ந்தெடுக்கும் ஒரே படம் சென்னைக்குப் போகும். கடைசியாக மிஞ்சியிருந்தது மருத்துவம் படிக்கும் சுவேதாவின் படம். தேர்வு விடுமுறை முழுவதும் ஊருக்குப் போகாமல் வரைந்தது.

சுவரை அடைத்த பெரிய படம். ஞானசேகரன் அண்ணாந்து பார்த்தார். மூளையின் மடிப்புகளில் தேரோடும் வீதி, கோபுரம், சைக்கிள்கள். வலது ஓரத்து அட்டையில், ‘கோயிலும் பிச்சாவரமும்’.

“பிச்சாவரம் எங்கய்யா?”

அமைப்பாளர் பழனிவேல் சிரித்தார். ஞானசேகரன் பேச்சு எப்போதும் இப்படித்தான். காலையில் ஒருவரிடம், “இதுல கலரே காணுமே” என்றபோதும் எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆட்டு மூளை வாங்கினாக்கூட கடைக்காரன் முழுசாக் குடுப்பான்யா. இது பாதிதான் இருக்கு.”

“சரியாச் சொன்னீங்க சார்.”

“ஒரு படகு இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஊசி போடப் படிக்கிறதுங்களுக்கு பிரஷ் எதுக்கு?”

கூட்டம் சிரித்தது. சுவேதாவுக்கு முகம் எரிந்தது. படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“வரைஞ்சது யாரு? வரச் சொல்லு. மூஞ்சியப் பாக்கணும்.”

“நான்தான் சார்.”

அவருக்கு இடப்பக்கம், கை தொடும் தூரத்தில் நின்றிருந்தாள். அவர் வலப்பக்கம் திரும்பித் தேடினார்.

“எங்க? ஓடிட்டாளா?”

மறுபடியும் சிரிப்பு. பழனிவேல்தான் அதிகமாகச் சிரித்தார்.

“இதத் தள்ளி வைய்யி பழனிவேல். சென்னையில நம்ம மானம் போயிடும்.”

பழனிவேல் படத்தைக் கழற்ற ஆள் கூப்பிட்டார்.

சுவேதா அதைத் தடுக்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, முகத்துக்கு நேராக நின்றாள். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை.

“இடது பக்கம் முழுக்கப் பிச்சாவரந்தான் சார். அந்தப் பக்கம் எதுவுமே உங்க மூளைக்கு எட்டல. உங்க இடது கையக் கொஞ்சம் தூக்க முடியுதா?”