ஒரு தட்டு கூடுதல்

முதல் வரிசையில் அப்பா இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடுபடுத்திக்கொண்டிருப்பதை மேடை ஓரத்திலிருந்து ஹெர்டிஸ் பார்த்துவிட்டாள்.

தட்டப்போகிறார்.

காலையிலேயே கெஞ்சியிருந்தாள். “அப்பா, ஒஸ்லோவுலேருந்து ரேடியோக்காரங்க வர்றாங்க. அம்மா பாட்டை நான் மேடையில பாடுறது இதான் முதல் தடவை. இன்னைக்கு மட்டும் கையைக் கோட்டுப் பையில விட்டுக்கோப்பா.”

“பாக்கலாம்” என்றார் அப்பா தோர்லைஃப்.

ஜாஸ் பாட்டில் நான்கு தட்டு என்றால் இரண்டிலும் நான்கிலும் கை விழ வேண்டும். இந்த ஊர் ஒன்றிலும் மூன்றிலும்தான் தட்டும். தேசிய தின ஊர்வலத்தில் பாண்டு வாத்தியத்துக்கு நடந்து நடந்தே வளர்ந்த ஊர்.

அதற்குத் தலைமை தோர்லைஃப். அம்மா யோருன் பாடிய நாளிலிருந்தே அப்படித்தான். பாடகியின் கணவரே தட்டும்போது மற்றவர்கள் சும்மா இருப்பது மரியாதையா?

அவர் ஊரின் பல் வைத்தியர். கடைவாய்ப் பல்லின் அடிவேர் வரைக்கும் பிசகாமல் போய் வரும் கை, பாட்டுக்கு மட்டும் தடம் புரள்கிறதே என்று மீன் கடையில்கூடச் சிரிப்பார்கள்.

மேயர் ஒட்வார் பதவிக்குரிய தங்கச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு பேசினார். மறைந்த யோருன் ஊரின் ஆன்மா என்றார். துறைமுகத்து ரவுண்டானாவுக்கு அவள் பெயரை வைப்பதாக அறிவித்தார். யோருன் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடுகிறாள், தூங்க முடியவில்லை என்று முன்பு போலீசில் புகார் கொடுத்த அண்டை வீட்டுக்காரரும் இவரேதான்.

பிறகு பேராசிரியர். யோருனின் புகழ்பெற்ற அந்தக் கூடுதல் தட்டைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகம் எழுதியவர். பாட்டின் நடுவில், எங்கே என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில், அவள் ஒரு சொல்லை ஒரே ஒரு தட்டு அதிகமாக இழுப்பாள். ஸ்டுடியோவில் பாடிய எந்த இசைத்தட்டிலும் அது கிடையாது. சொந்த ஊர் மேடையில் மட்டும்தான்.

“அது வடதுருவ இருளின் பெருமூச்சு” என்றார் பேராசிரியர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒத்திகையில் ஹெர்டிஸும் அந்தப் பெருமூச்சை விட்டுப்பார்த்தாள். படிக்கட்டில் கால் தடுக்கியது போலத்தான் கேட்டது. எங்கே இழுப்பது என்று அம்மாவோடு காலமெல்லாம் பாஸ் வாத்தியம் வாசித்த ஆர்விதைக் கேட்டாள். கிழவர் மீசைக்குள் சிரித்தார். “அவசரம் வரும், அப்போ தானா வரும்மா.”

சிவப்பு விளக்கு எரிந்தது. ரேடியோப் பதிவு தொடங்கிவிட்டது.

பாடினாள். முதல் அடி நன்றாகவே போனது. அப்பாவின் கைகள் பையில் இருந்தன.

இரண்டாவது அடியில் வெளியே வந்தன.

ஒன்று. மூன்று. ஒன்று. மூன்று.

மனைவியை இழந்தவரைத் தனியாகத் தட்ட விடலாமா? மேயர் சேர்ந்துகொண்டார். அவர் சங்கிலியும் ஒன்றிலும் மூன்றிலும் குலுங்கியது. மேயரைப் பார்த்து மொத்த அரங்கமும் உட்கார்ந்தபடியே கை தட்டி, பூட்ஸ் கால் அதிர ஊர்வலம் கிளம்பிவிட்டது.

டிரம்ஸ்காரர் பரிதாபமாக விழித்தார். பாட்டு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். இன்னும் நாலு வரி இப்படிப் போனால் மூழ்கிவிடும்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஹெர்டிஸ் வாயிலிருந்த சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தட்டு. கூடுதலாக, ஒரே ஒரு தட்டு.

ஆர்வித் காத்திருந்தவர் போலக் கூடவே நின்றார். பாட்டு ஒரு தட்டு தள்ளி இறங்கியது. அவ்வளவுதான். யாரும் கையை மாற்றவில்லை. ஆனால் அத்தனை கைகளும் இப்போது இரண்டிலும் நான்கிலும் விழுந்தன. அரங்கம் ஊஞ்சலைப் போல ஆடத் தொடங்கியது.

பேராசிரியர் இருளை நினைத்து அழுதார்.

ஹெர்டிஸுக்கோ சிரிப்புப் பொங்கியது. பெருமூச்சாவது ஒன்றாவது! இது புருஷன் போட்ட தாளத்துக்கு அம்மா போட்ட ஒட்டு. பாடிக்கொண்டே திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் குளிர்காலம் முடிந்து வரும் ஜூன் மாத வெயில்.

முடிந்ததும் வாஃபிள் மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை. ஒலிபெருக்கியில் அம்மாவின் பழைய இசைத்தட்டு ஓடியது. தோர்லைஃப் பழுப்புச் சீஸை வாஃபிளில் மடித்தபடி, மறு கை விரலால் காபிக் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு. நான்கு. இரண்டு. நான்கு. மயிரிழை பிசகவில்லை.

ஹெர்டிஸ் அந்த விரலையே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

தோர்லைஃப் விரலை நிறுத்தினார். யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“சரியாத் தட்டுறவனை உங்கம்மா எதுக்கும்மா திரும்பிப் பாத்திருப்பா?”